நாற்பத்திரண்டு கையெழுத்து

"இந்தத் தடவ நாப்பத்திரெண்டு பேருங்க. உங்க லைன்ல ஒருத்தர் பாக்கியில்ல." எச்.ஆர். மேனேஜர் பாக்கியராஜ் புகார்த் தாளை மேசைமேல் தள்ளினார்.

சூப்பர்வைசர் மாதேஸ்வரிக்குக் காது சூடேறியது. முதல் கையெழுத்தே காவியாவுடையது. மூன்று மாதத்துக்கு முன்னால், "சூப்பர்வைசர் மரியாதையில்லாமல் கத்துகிறார்" என்று எழுதிக் கொடுத்த அதே பாகலூர்க் காவியா!

அன்றைக்கு இதே அறையில்தான் கறாராகச் சொன்னார்கள், இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று. ஓசூரில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு வேறு அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட ஒருவன், "உங்கள் இயல்பே அமைதிதான்" என்றான். பன்னிரண்டு வருஷமாகத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் நிற்கிறவளிடம்! அவனை ஒரு மணி நேரம் அங்கே நிற்க வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும், இயல்பு எதுவென்று.

ஆனாலும் வாயைக் கட்டினாள். மகள் நர்சிங் படிக்கிறாள், வேலை போனால் அதோடு எல்லாம் போச்சு. மூன்று பாஷையில் திட்டிக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் பாத்து செய்யுங்கம்மா" என்று மெல்லச் சொல்லப் பழகினாள். போன மாதம் காவியா பிரஸ்ஸில் விரலை நசுக்கிக்கொண்ட அன்றைக்குக்கூட அதைத்தான் சொல்லியிருந்தாள்.

"மூணு மாசமா ஒரு வார்த்த ஒசத்திப் பேசல சார்! எம் பேச்சு எனக்கே கேக்கல! இன்னும் என்ன பண்ணச் சொல்றாளுங்க? வாயில பூட்டுப் போட்டுக்கணுமா?"

"மொதல்ல உக்காருங்க மாதேஸ்வரி. முழுசாப் படிங்க."

"என்னத்தப் படிக்கறது? அதான் பேரு பேரா இருக்குதே!" தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "நானே போறேன் சார். நடிச்சு நடிச்சு மூச்சு முட்டிப் போச்சு. போறதுக்கு முன்னால அவளுங்கள நாலு வார்த்த கேட்டுட்டுப் போறேன்."

"ஏம்மா, நில்லுங்க!" பாக்கியராஜ் பின்னாலேயே ஓடி வந்தார். அவள் எங்கே நின்றாள்?

பிரஸ் ஷாப் அதிர்ந்துகொண்டிருந்தது. கடைசி மெஷினில் ஜெயப்ரியா. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. இவளோ டார்கெட்டை முடிக்கிற அவசரத்தில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தாள். சும்மா இருந்த கை, கோணலாகக் கிடந்த தகட்டை நேராக்க உள்ளே போனது; அதற்குள் மற்றக் கை அடுத்த பட்டனை அமுக்கிவிட்டது.

"ஏய்ய்! கைய எடுடீ!"

மூன்று மாதமாக அடக்கி வைத்தது மொத்தமும் அந்தக் கத்தலில் வந்தது. ஜெயப்ரியா துள்ளிப் பின்னால் போய் விழுந்தாள். பிரஸ் தடாலென்று இறங்கியது.

"அறிவிருக்குதா? வெரலு போச்சுன்னா உங்கப்பனா வந்து ஒட்டி வெப்பான்? டேப்பு ஒட்டறயா, டேப்பு!" தமிழில் ஆரம்பித்தது, கன்னடத்தில் ஏறி, தெலுங்கில் போய் முடிந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மாதேஸ்வரி தாளைத் தலைக்கு மேல் ஆட்டினாள். "இதையும் சேத்து எழுதுங்கடி! நான் இப்பிடித்தான்! கத்தத்தான் கத்துவேன்! வேலைய விட்டே போறேன், போதுமா?"

விரலில் கட்டோடு காவியா மட்டும் முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க இப்பிடிக் கத்த மாட்டேங்கறீங்கன்னுதான்க்கா புகாரே குடுத்தோம்!"