மாஸ்டர் எடுத்துக் கொடுத்த கிட்டார்

"நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க மாஸ்டர். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஃபோர்க்லிஃப்ட்தான்" என்றார் சின்னையா.

ஈப்போவில் அந்தக் கடைக்கு வருவதற்காக, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டிருந்தார். காலில் இன்னும் வேலை பூட்ஸ். மகள் ஷாமினிக்குப் பதினைந்து வயது. மூன்று வாரத்தில் மாநிலக் கிட்டார் போட்டி. இதுவரை அவள் வாசித்ததெல்லாம் வகுப்பில் கிடந்த பழைய கிட்டாரில்.

அருணன் மாஸ்டர் பதினெட்டு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லித் தருகிறவர். அவர் கேட்டதும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. விலை இரண்டும் ஒன்றுதான்.

ஷாமினி முதலில் வெள்ளையை மடியில் வைத்தாள். கழுத்து மெல்லிசு. கம்பிகள் பலகையோடு ஒட்டினாற்போல் கிடந்தன. லேசாகத் தொட்டாலே போதும், சத்தம் வந்தது. அவள் விரல்கள் ஓடிய ஓட்டத்தில் கடைக்காரர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

பழுப்புக்குக் கழுத்து தடி. அவளுடைய சின்னக் கைக்குள் அடங்கவில்லை. அதே வரியை வாசித்தபோது இரண்டு இடத்தில் தடுக்கியது.

"வெள்ளைதான் லாஜு, மாஸ்டர். கை அதுவா வேகமா ஓடுது."

அது அருணனுக்கும் தெரியும். மகன் தனேஷுக்கு அவர் வாங்கிக் கொடுத்த நீலக் கிட்டாரும் அதே ரகம்தான். தனேஷும் அதே போட்டியில் வாசிக்கிறான். போன வருடம் இரண்டாம் இடம். இந்த வருடம் முதலிடம் என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேரிடம் அருணன் சொல்லியாயிற்று. அப்படிச் சொன்னபோது ஷாமினி வகுப்பில் சேர்ந்திருக்கவில்லை.

அவர் பழுப்பைக் கையில் எடுத்தார்.

"இதான்."

"ஏன் மாஸ்டர்?"

"லாஜு மட்டும் பத்தாதும்மா. சத்தத்துல கனம் வேணும். அதோட, மெல்லிசுக் கழுத்து நம்ம ஊரு சூட்டுக்கு வளைஞ்சிடும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். அருணன் அவரைப் பார்த்தார். வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டி வருகிற மாஸ்டர். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"மாஸ்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்னலா?" என்றார் சின்னையா.

ஷாமினி வெள்ளையை இன்னொரு தடவை பார்த்தாள். பழுப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அருணன் தன் காரை எடுத்தார். கடையில் சொன்னதை முழுப்பொய் என்று சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டார். சத்தத்தில் கனம் இருந்தால் நல்லதுதானே? சூட்டில் மரம் வளையும்தானே? வீடு வந்து சேரும் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு போனார்.

வகுப்பில் ஷாமினி குறை எதுவும் சொல்லவில்லை. இரண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தாள். வேகமான இடம் வரும்போதெல்லாம் தடுக்கியது.

"கை பழகணும்மா."

"சரி, மாஸ்டர்."

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தனேஷ் அவளுடைய கிட்டாரை வாங்கி இரண்டு வரி வாசித்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டான்.

"ஷாமினிக்கு அத யாருப்பா எடுத்துக் குடுத்தது?"

"நான்தான். ஏன்?"

"சும்மா."

சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டான். போட்டிக்கு முந்தின நாலு நாளும் கூட்டாளி வீட்டில் வாசித்துப் பழகப் போவதாகச் சொல்லிவிட்டு, கிட்டார் பையோடு போனான், வந்தான்.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. அருணன் மற்ற பெற்றோர்களோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஷாமினி மேடைக்கு வந்தாள். அவள் கையில் இருந்தது நீலக் கிட்டார்.

அருணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை, தனேஷுடையதுதான்.

அவள் வாசித்தாள். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. முடிப்பதற்குள்ளேயே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

இரண்டு பேர் கழித்துத் தனேஷ் வந்தான். தோளில் பழுப்பு. வேகமான இடத்தில் தடுக்கினான். சிரித்துக்கொண்டே பிடித்து, வாசித்து முடித்தான்.

ஷாமினி முதலிடம். தனேஷ் மூன்றாம் இடம்.

அருணன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். எதிரே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னையா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நில்லுங்க மாஸ்டர். தனேஷ் தம்பி எல்லாத்தையும் சொல்லிருச்சு."

சுற்றியிருந்த பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருணன் வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

சின்னையா அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கடையில தப்பா எடுத்துக் குடுத்துட்டோமேன்னு மனசு கேக்காம, பெத்த பிள்ளையோட கிட்டாரையே எம்பொண்ணுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னீங்களாமே... யாரு மாஸ்டர் செய்வா இப்படி?"