ரெண்டு வருஷமா எட்டாம் மாசம்

பெரிய மார்க்கெட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த தனக்கொடிக்கு, எதிரே வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

காக்கி உடுப்பு இல்லை, தொப்பி இல்லை. வெள்ளை வேட்டி, பக்கத்தில் பெண்டாட்டி. ஆனால் அந்த மீசையை மறக்க முடியுமா? கடலூர் ரோட்டுச் சாவடிக் காவல்காரர் கோவிந்தசாமியேதான்.

"ஏம்மா, ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்கோம். எங்கெங்க போவலாம்?" என்று கேட்டார்.

ஆளுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. தனக்கொடிக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் சுங்கச் சாவடி; வரி கட்டாத சரக்கைச் சோதனை போட்டுப் பிடிப்பார்கள். கட்டுமரம் கவிழ்ந்து புருஷன் இடுப்பொடிந்து படுத்ததும், தனக்கொடி சீமைத் துணியையும் வாசனை சோப்பையும் வயிற்றில் கட்டிக்கொண்டாள். மாசமாக இருப்பவள் போல ஆடி அசைந்து சாவடியைத் தாண்டி, கடலூரில் விற்றுவிட்டு வருவாள். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமும் எட்டாம் மாசம்தான்! "மாசமா இருக்கற பொம்பள, வழி விடுங்கப்பா" என்று வரிசையை விலக்கி அனுப்பி வைத்த ஏமாளி இந்த ஆள்தான்.

சாவடியை எடுத்த பிறகு, இந்தக் கதையை அவள் மார்க்கெட் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் நம்பவில்லை. "யாருக்குக் காது குத்தற?" என்று பக்கத்துக் காய்கறிக் கடைக் கண்ணையன் சிரிப்பான். தனக்கொடிக்கு ஆத்திரமாக வரும். ஆயுசில் அவள் செய்த ஒரே சாமர்த்தியம் அது. அதையும் புளுகு என்றால் பொறுக்குமா?

இன்று சாட்சியே நடந்து வந்திருக்கிறது. ஆனால் காலை வியாபாரம், ஆளாளுக்குப் பறக்கிறார்கள். கூட்டம் அடங்கும்வரை ஆளைக் கைநழுவ விடக் கூடாது.

"நானே கூட்டிட்டுப் போயிக் காட்டறேன், வாங்க சார்," என்று எழுந்தாள். "கண்ணையா, கடையப் பார்த்துக்க. வந்து உனக்கு ஒரு வேடிக்கை காட்டறேன்."

கடற்கரைக்குப் போனார்கள். லைட்ஹவுஸ், புயலில் ஒடிந்து நின்ற பாலம், கவர்னர் பங்களா, எதிரே பூங்காவில் ஆயி மண்டபம் எல்லாவற்றையும் காட்டினாள். எதைக் காட்டினாலும் கோவிந்தசாமி, "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்றார். பாதையில் ஒருத்தர் தீப்பெட்டி கேட்டதற்கு, "நம்மகிட்ட ஏதுங்க?" என்று கையை விரித்தார்.

அவர் பெண்டாட்டி ஆதிலட்சுமி கடலையே பார்க்கவில்லை. தனக்கொடியையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வீட்டுக்காரரு சௌக்கியமா தங்கச்சி?"

"இப்ப எழுந்து நடக்கறாரு அக்கா. ஒக்காந்த எடத்துல வலை பின்றாரு."

"புள்ளைங்க?"

"ரெண்டும் பள்ளிக்கூடம் போவுதுங்க."

ஆதிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஜட்கா வண்டி பிடித்து வீராம்பட்டினம் அம்மன் கோவிலுக்கும் போனார்கள். தனக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஒரு நாள் இந்தத் தாய்தான் என் மானத்தக் காப்பாத்தினா," என்றாள்.

"எப்படி?"

"மார்க்கெட்டுக்கு வாங்க அக்கா, சொல்றேன்."

மார்க்கெட்டில் கூட்டம் அடங்கியிருந்தது. தனக்கொடி ஒரு சாக்கைச் சுருட்டிச் சேலைக்குள் திணித்தாள். இடுப்பில் கையை ஊன்றி, கண்ணையன் கடை முன்னால் ஆடி அசைந்து ஒரு நடை நடந்தாள்.

"இப்பத் தெரியுதா சார்?"

கோவிந்தசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த வெங்காய மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"எட்டாம் மாசம்! அடிப் பாவி, நீயா?"

"வயித்துல இருந்தது புள்ள இல்ல சார், சீமைத் துணி. ஒரு நாள் முடிச்சு அவுந்து எல்லாம் முழங்காலுக்கு எறங்கிடுச்சு. நல்லவேளை, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக் குனிஞ்சு பீடி பத்த வச்சிட்டு இருந்தீங்க. அம்மன் புண்ணியத்துல தப்பிச்சேன்."

"அந்தப் பாழாப்போன பீடியால வந்தது!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனையோ பேரப் புடிச்சிருக்கேன். என் கண்ணுலயே மண்ணத் தூவுனவ நீ ஒருத்திதாம்மா."

மார்க்கெட்டே கொல்லென்று சிரித்தது. மீன் கடைப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்கள். கண்ணையன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "அக்கா, இனிமே உன் பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது."

தனக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த மல்லிகையை எல்லாம் ஆதிலட்சுமி தலையில் வைத்து, பஸ் வரைக்கும் கூடவே போனாள். கோவிந்தசாமி முன்னால் ஏறிப் போய் உட்கார்ந்தார். ஆதிலட்சுமி ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"தங்கச்சி, சொல்லக்கூடாதுன்னாரு. மனசு கேக்கல. சாவடிய எடுத்ததுலேருந்து, 'பாவம், அந்தப் பொண்ணு பொழப்புக்கு இன்னா பண்ணுதோ'ன்னு இவரு பொலம்பாத நாளில்ல. பூக்கடை வச்சிருக்கன்னு கேள்விப்பட்டு, உன்னப் பார்க்கத்தான் வந்தோம். ஊரப் பார்க்க இல்ல."

"அவருக்குத்தான் என்னை அடையாளமே தெரியலையே அக்கா?" என்றாள் தனக்கொடி, ஒன்றும் விளங்காமல்.

பஸ் நகர்ந்தது. ஆதிலட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு பீடியத் தொட்டதே கெடையாதும்மா."