முதல் தம்ளர்

மேசைமேல் புதுத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் பளபளக்கிறது. உள்ளே வடிகட்டி இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்: கணவனுக்கும், காலையில் விரிசல் விட்ட அந்த வடிகட்டியைக் கைப்பைக்குள் இறுகப் பிடித்து நிற்கும் அவளுக்கும். நல்ல தண்ணீரையே ஊற்றிக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்றுதான் துணிந்தார்கள். தொழிலில் பணம் போட வந்திருக்கும் பள்ளிக்கூட முதலாளியோ தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுக்கிறார். “எங்க ஸ்கூல் கிணத்துத் தண்ணி. குடிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் வாந்தி, காய்ச்சல். இதை ஊத்துங்க தம்பி.” தண்ணீர் கொடகொடவென்று இறங்குகிறது. கரண்டு இருந்தாலே எரியும் பச்சை விளக்கு இப்போதும் சமர்த்தாக எரிகிறது. கணவன் தம்ளரைப் பிடிக்கிறான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்கிறாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துச் சிரிக்கிறான்.

முதலாளியின் முகம் மலர்கிறது. “நீங்களே குடிச்சுக் காட்டிட்டீங்க. இதுக்கு மேல என்ன வேணும்? பணம் போடறேன்.”

“உங்க ஸ்கூலுக்கு நாளைக்கே புது மெஷின் கொண்டுவந்து மாட்டறோம் சார்” என்கிறாள் அவள் அவசரமாக.

“புதுசு எதுக்கும்மா? இதையே வண்டியில ஏத்துங்க. பிள்ளைங்க சாப்பிட உட்காருற நேரம்.”

வடிகட்டியின் உடைந்த விளிம்பு அவள் விரலை அறுக்கிறது. கணவன் சிரிப்பு மாறாமல் மெஷினைத் தூக்குகிறான்.