வாசலுக்கு வெளியே

கழுத்துப்பட்டை அணியாமல் யாரும் தெருவில் இறங்க முடியாது. கடவுளைப் பழிக்கும் சொற்களைப் பட்டை தொண்டையிலேயே அடக்கிவிடும்.

பதினைந்து வயது மகனின் பாடை தெருவுக்கு வந்ததும் பூரணி பின்னாலேயே ஓடினாள். அவன் காய்ச்சல் தீர ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்தவள்.

"முருகா, உனக்கு..." என்றாள். அதற்குமேல் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கத்தினாள். தெருவில் சங்குச் சத்தம் மட்டும் கேட்டது.

நாத்தனார் செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்தாள். "உள்ள வாடி. வீட்டுக்குள்ள வந்து பட்டையக் கழட்டிட்டு எவ்வளவு வேணா அவனைத் திட்டு, யாரு கேக்கப் போறா?"

பாடை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"உள்ள என் புள்ள இல்லையே, அண்ணி" என்றாள் பூரணி.

அதைப் பட்டை தடுக்கவில்லை. தெரு முழுவதும் தெளிவாகக் கேட்டது.