தப்பான இடத்தில் ஒரு கண்டென்சர்

பெட்டியின் மேல் விரலால் தட்டியதும் ஸ்பீக்கர் "டொக்" என்றது.

மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

வீங்கிப்போயிருந்த பெரிய கண்டென்சரை மாற்றி, செத்துக் கிடந்த ஆம்ப்ளிஃபயருக்கு அப்போதுதான் உயிர் கொடுத்திருந்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டதும் அவ்வளவுதான். "என் வீட்டுக்காரர் கையால செஞ்சது தம்பி. பழையபடி ஆயிட்டாப் போதும்."

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் காது சும்மா இருந்தால்தானே! கடைத்தெருவே அவரைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடும்.

மறுபடியும் மூடியைக் கழற்றினார்.

உள்ளே பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கட்டியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாட்டு போகிற வழியெல்லாம் நல்ல பிலிம் கண்டென்சர்களை, கம்பிக் காலை அழகாக மடக்கி உட்கார வைத்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும், அதுவும் பாட்டு உள்ளே நுழைகிற முதல் வாசலிலேயே, பொட்டு மாதிரி ஒரு செராமிக் கண்டென்சர்.

ரேடியோவுக்குள் ஓடுகிற வேகமான அலைகளுக்கு அது தங்கம். பாட்டுக்கு ஆகவே ஆகாது. பக்கத்தில் யாராவது அதிர நடந்தால்கூட அதையும் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு இதுவா தெரியாது?

பாவம், ஏதோ அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். ஈயத்தை உருக்கி, செராமிக்கைக் கழற்றிக் குப்பை டப்பாவில் போட்டார். அந்த இடத்தில் ஒரு பிலிம் கண்டென்சரைப் பற்றவைத்தார்.

தட்டிப் பார்த்தார். மூச்சுப் பேச்சில்லை.

"பாத்தீங்களாம்மா? இனிமே இடியே விழுந்தாலும் வாயைத் திறக்காது!"

அம்மாள் எழுந்து வந்தாள். விரல் முட்டியால் பெட்டியைத் தட்டினாள். கொஞ்சம் காத்திருந்து, இன்னொரு முறை தட்டினாள். முகம் வெளுத்துப்போனது.

"நீங்க கழட்டிப் போட்டது, தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவரே மாட்டினது தம்பி. பெட்டி கட்டில் பக்கத்துல இருக்கும், ஸ்பீக்கர் அடுப்படியில இருக்கும். பேச்சு போனப்புறம் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவாரு."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. நம் கெட்டிக்காரத்தனத்தில் கொள்ளி வைக்க என்று தன்னையே திட்டிக்கொண்டார். குப்பை டப்பாவை மேஜைமேல் கவிழ்த்து, பழைய கம்பித் துண்டுகளுக்கு நடுவே அந்தப் பொட்டைத் தேடினார். அலமாரியில் புதுசு நிறைய இருந்தது. ஆனால் அவருக்கு அதேதான் வேண்டியிருந்தது.

கிடைத்தது. கால் ஒடியாமல் நிமிர்த்தி, தப்பான அதே இடத்தில், தெரிந்தே, பற்றவைத்தார்.

டொக்.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"உங்களைக் கூப்பிட முடியாம வீட்ல தவிச்சுட்டு இருப்பாரும்மா. சீக்கிரம் கொண்டு போங்க, டாக்சி கூப்பிடட்டுமா?"

அவள் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவர் போய் ஆறு மாசமாச்சு தம்பி. தெருவுல லாரி போச்சுன்னா இது தானா தட்டும். அடுப்படியில இருந்து நானும், 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிக்குவேன்."