காரணம் கேட்கும் கருவி

மாரடைப்புக்குப் பின் கவினின் நெஞ்சில் பொருத்திய கருவி, துடிப்பு கூடினால் காரணம் கேட்கும். பதில் பொருந்தாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிடும். இனி பயமில்லை என்று மருத்துவர் சொல்லியும், தன் நெருக்கமே கணவர் உயிரைக் குடித்துவிடுமோ என்றஞ்சி மனைவி ஆதிரை அடுத்த அறையில்தான் படுத்தாள்.

ஒரு மழை மதியத்தில் அவளே வந்து அவரை அணைத்து முத்தமிட்டாள்.

"துடிப்பு கூடுகிறது. காரணம்?" என்றது கருவி.

ஆதிரை பதறிக் கையை எடுத்தாள்.

"மாடிப்படி ஏறினேன்," என்றார் கவின்.

"படுத்திருக்கிறீர்களே!" என்றது கருவி.

ஆதிரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வயசுல பொய்யைப் பாரு!" என்றவள் அவர் மார்பருகே குனிந்தாள். "நான்தாம்மா காரணம். வண்டி கிண்டி அனுப்பிடாதே."

"சரி. இந்த வேகத்தை இதயம் தாங்கும்."

"கேட்டியா?" என்றார் கவின்.

"கேட்டுச்சு. பேசாம இருங்க."

எடுத்த கை, பதறாமல் திரும்பி வந்து அவர் நெஞ்சின்மேல் அமர்ந்தது.