ஆளைத் தெரியாத லேப்டாப்

ஒரு ஜெராக்ஸ் கடையில ரெண்டு ஜிபி ரேம்ல காலந்தள்ளுற கிழட்டு லேப்டாப் ஒண்ணும், எட்டு வருசமா அதுக்கு உழைக்கிற பிரிண்டர் ஒண்ணும் இருந்துச்சுங்க.

கடைக்கார விமலா ஒருநாள் லேப்டாப்புக்குப் புது ஓஎஸ் ஏத்திவிட்டா. ஏறி முடிக்கவே அரைநாளாச்சு. முழிச்ச உடனே லேப்டாப் துரை பிரிண்டரை ஏற இறங்கப் பாத்தாரு.

"யாருங்க நீங்க?"

"டேய், நான்தான்டா! நேத்துகூட நீ அனுப்புன ஆதார் காப்பிய அடிச்சுக் குடுத்தேனேடா!"

"நம்ம லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே. பழைய ஆளுங்க கூடயெல்லாம் நான் பழகுறதில்ல."

விமலா எத்தனை தடவ தட்டினாலும் 'பிரிண்டர் இல்லை'ன்னே காட்டுச்சு. பிரிண்டர்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சு, காயலான் வண்டியில போட அதத் தூக்கி வாசல் வெயில்ல வச்சுட்டா.

உள்ள துரை கதையக் கேளுங்க. ஒரு ஃபைலத் தொறக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. அவரோட ஃபேன் போட்ட சத்தத்துல ஒரு அம்மா மாவு மில்லுன்னு நெனச்சு அரிசியோட உள்ள வந்துருச்சு! விமலா தலையில அடிச்சுக்கிட்டு, பழைய ஓஎஸ்ஸையே திரும்பப் போட்டா.

லேப்டாப் கண்ணு முழிச்சு வாசலப் பாத்துச்சு.

"அண்ணே! வெயில்ல ஏண்ணே உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. உள்ள ஒரு பெரிய மனுசரு வந்திருந்தாரு. கிளம்பட்டும்னு இருந்தேன்."

"அடடா! எனக்கும் அறிமுகம் பண்ணி வச்சிருக்கக் கூடாதாண்ணே?"